பாட்டுக்குள் போன வீட்டுப் பெயர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காமலே கெட்ட நுணல் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே பனிநாட்டில் எங்கள் ஊரான லாப்பனேவாவுக்கு வந்து யூர்கி ருவோனலா வீடு எது என்று கேட்டால் போதும். கேட்டவனைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள். பிறகு வழி காட்டுவார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதுதான் யூர்கியின் வாழ்க்கை.

யூர்கி தோலுக்காக நரி வளர்க்கும் பண்ணையில் வேலை பார்த்தான். நீளமான கொட்டகை, இரு பக்கமும் கம்பிக் கூண்டுகள். நடுவே சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் சேர்த்து அரைத்த கூழை ஒவ்வொரு கூண்டின் மேலும் பிதுக்கிவிட வேண்டும். குளிர்காலம் தலைகாட்டியதும் தோலுரிப்பு. அந்த வாடை சோப்புக்குப் போகாது, ஆவிக்குளியலுக்கும் போகாது. பள்ளிக்கூட நாளிலேயே பண்ணைக்குப் போகத் தொடங்கியதால் அப்போதிருந்தே பேருந்தில் அவன் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும். அதற்காக அவன் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டுமே.

பண்ணை நேரம் போக மீதி நேரத்தில் அவன் டிரம்ஸ் வாசித்தான். அது மட்டும் அவனுக்குப் பேச்சு. கிடார் வாசிக்கும் ஹெம்மோ, பாடுகிற சாம்ப்பா, இவன் என்று மூன்று பேர் பள்ளியில் படிக்கும்போதே சேர்ந்த குழு அது. ரௌத்தவேனே என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உறைந்த மண்ணில் ஓடும் படகு என்று அர்த்தம். உறைந்த மண்ணில் படகு எப்படி ஓடும் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பழங்காலக் கடற்கொள்ளையர்களான வைக்கிங்குகளின் வேஷம்தான் குழுவுக்கு அடையாளம். தோளில் நரித்தோல், இடுப்பில் கோடரி, முகத்தில் கரி. தோல் எல்லாம் யூர்கி கொண்டுவந்தது. ஏலத்துக்குப் போகாத, கடிபட்ட, சொட்டை விழுந்த தோல்கள்.

வைக்கிங்குகளுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார்கள் தலையைச் சொறிவார்கள். அவர்கள் இந்தக் கரைக்கு வந்ததே தோலையும் பெண்களையும் தூக்கிக்கொண்டு போகத்தான் என்பார்கள் சிலர். அடித்தவன் வேஷத்தை அடி வாங்கியவன் பேரன் போட்டுக்கொண்டு ஆடுவது உலகம் முழுக்க உள்ளதுதான். ஆனால் ஹெம்மோவின் ராகங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இரைச்சலுக்கு நடுவே தாலாட்டு மாதிரி ஒன்று ஓடும். ஒரு முறை கேட்டவன் மறுநாள் மாட்டுத்தொழுவத்தில் அதை முணுமுணுப்பான். ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் அதைக் கேட்க வந்தார்கள்.

கப்பல் பாட்டு, கடல் பாட்டு எல்லாம் தீர்ந்த பிறகு சாம்ப்பா சொந்தச் சரித்திரத்துக்கு வந்தான். நம்ம சரித்திரத்தில் கப்பல் இல்லை, அடிதான் இருக்கிறது, அதையே பாடுவோம் என்றான். அப்படி வந்ததுதான் சதுப்பு வழிப் பாட்டு.

அந்தக் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வருடத்துக்கு முன்னால், ருஷ்யப் படை வந்து நாட்டையே சூறையாடிய, பெருங்கோபம் என்று நாங்கள் சொல்லும் காலத்தில், லாப்பனேவாக்காரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் மாடுகளையும் சதுப்புக்கு நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு திட்டில் குடில் கட்டி ஒளித்து வைத்தார்கள். அங்கே போகும் வழி ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். ஒரு குளிர்நாளில் அந்தப் படையின் கொசாக் குதிரைவீரர்கள் அந்த வழியிலேயே நேராக வந்து நின்றார்கள். யாரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். குடிலில் இருந்தவர்களில் பாதிப்பேர் அங்கேயே செத்தார்கள், மீதிப்பேர் அடிமைகளாகப் போனார்கள்.

காட்டிக்கொடுத்தவன் யார் என்பது மட்டும் கதையில் கிடையாது. தேவாலயப் பதிவுகள் எரிந்துபோய்விட்டன. அவை எரியாமல் இருந்திருந்தாலும் ஊர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்காது. கதையைச் சொல்லும்போது அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மேலே போவதுதான் இங்கே வழக்கம். ஒவ்வொரு வீடும் அது தன் வீட்டு ஆள் இல்லை என்று சத்தியம் செய்யும். ஒவ்வொரு வீடும் ராத்திரி படுக்கையில், ஒருவேளை நம்ம ஆள்தானோ என்று நினைத்துக்கொள்ளும். கல்லியோ வீட்டுக்காரர்களைத்தான் அதிகம் கிசுகிசுத்தார்கள், அந்த வருஷம் அவர்கள் மாடு மட்டும் தப்பியது என்று. சாம்ப்பா அந்தக் கல்லியோ வீட்டுப் பையன்.

இங்கே வீட்டின் பெயர்தான் மனிதனின் பெயர். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனும் அதே பெயரைச் சுமக்க வேண்டும். வீட்டுப் பெயரைத் தொட்டால் அதில் வாழ்ந்து செத்த எல்லோரையும் தொட்ட மாதிரி. யூர்கியின் அப்பா தௌனோ ருவோனலாவுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. நிலத்தை ஏற்கெனவே பாதி விற்றாகிவிட்டது. ஆனால் ஊரில் எல்லைத் தகராறு வந்தால் தௌனோ சொன்னால் சரி என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எழுபத்தைந்து வருடம் யாருக்கும் ஒரு பொய் சொல்லாமல் வாழ்ந்தார். மனிதருக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை.

பாட்டு எப்படி உருவாகும் என்றால், ஹெம்மோ ராகத்தைக் கொண்டுவருவான். வார்த்தை தயாராகாத இடத்தில் சாம்ப்பா வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவான். பக்கத்தில் இருப்பவன் பெயர், கடைக்காரன் பெயர், நாயின் பெயர், எதுவானாலும் சரி. சதுப்பு வழிப் பாட்டில், வழி காட்டியவன் யார், வழி காட்டியவன் யார் என்று ராகம் ஏறி ஏறி வந்து ஒரு இடத்தில் சடக்கென்று நிற்கும். அந்த நிறுத்தம் யூர்கி கண்டுபிடித்தது. எல்லாக் கருவியும் ஒரு மூச்சு நேரம் அடங்கினால் அடுத்து விழுகிற சொல் இடி மாதிரி விழும் என்று அவன்தான் வாசித்துக் காட்டினான். அன்றைக்கு அந்த இடைவெளியில் போட சாம்ப்பாவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எதிரே டிரம்ஸுக்குப் பின்னால் யூர்கி உட்கார்ந்திருந்தான். ருவோனலா என்று கத்தினான் சாம்ப்பா. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யூர்கியும் சிரித்தான். தற்காலிகப் பெயர்தானே.

ஒத்திகை முடிந்தால் ஹெம்மோவின் ஏரிக்கரைச் சவுனாவில் ஆவிக்குளியல். இங்கே பெரிய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படும். அங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், வாதாட மாட்டார்கள். ஒருவன் ஒன்றைச் சொன்னால் மற்றவன் சும்மா இருந்தால் அது முடிவு. மறுநாள் வந்து எனக்கு இஷ்டம் இல்லை என்று சொல்பவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

"அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும்," என்றான் சாம்ப்பா மேல் பலகையில் உட்கார்ந்தபடி. "ராகத்துல கச்சிதமா உக்காருது. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஹெம்மோ ஒன்றும் சொல்லவில்லை. யூர்கி அகப்பையில் தண்ணீரை மொண்டு சூடான கல்லின் மேல் ஊற்றினான். உஸ்ஸென்று ஆவி எழுந்து மூன்று பேர் முகத்தையும் மறைத்தது. அவ்வளவுதான், முடிந்தது.

ஏன் பேசவில்லை என்று அவன் மனைவி வீர்ப்பி பின்னால் பல தடவை கேட்டாள். அவள் கடற்கரைப் பட்டணத்துக்காரி, அந்தப் பக்கம் ஆட்கள் கொஞ்சம் வாயாடிகள். வேண்டாம் என்று சொன்னால், ஐயோ பாவம் தோல்காரனுக்குத் தோல் மெல்லிசு என்று சிரிப்பார்களே என்று பயந்தான். பதிவு செய்யும் நேரத்தில் அவர்களே மாற்றிவிடுவார்கள் என்றும் நினைத்தான். இன்னொரு காரணமும் உண்டு, அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் உட்காராத அவனுடைய பெயரை இவ்வளவு அழகான ராகத்தில் ஒருவன் பாடியது அவனுக்குப் பிடித்திருந்தது.

"வாயில என்ன, நரிக்குப் போடுற கூழா வெச்சிருந்த?" என்றாள் வீர்ப்பி.

பாட்டு வெளியே வந்தது, பற்றிக்கொண்டது. அதற்கு முன் எந்தப் பாட்டுக்கும் கிடைக்காத வரவேற்பு. ஊர் ஊராகத் திடலில் கூடிய ஆயிரக்கணக்கான பேர், அந்த நிறுத்தம் வந்ததும் சாம்ப்பா வாய் திறப்பதற்கு முன்னாலேயே ருவோனலா என்று கத்தினார்கள். முஷ்டியை உயர்த்திக் கத்தினார்கள். சிலர் கத்திவிட்டுத் தரையில் துப்பினார்கள். அது நாளடைவில் பாட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவைத் திறந்துவிட்டது யூர்கியின் கைதான். அவன் நிறுத்தினால்தானே அவர்கள் கத்த முடியும்.

வெளியூர்க்காரன் கத்தினால் போகட்டும் என்று விடலாம். லாப்பனேவா கத்தியதுதான் கொடுமை. ஊர் அந்தப் பாட்டைக் கொண்டாடியதை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணத்தில் பாடினார்கள், கடைசி நடனத்துக்குப் பாடினார்கள், மதுக்கடையில் மைக் பிடித்துப் பாடும் சனிக்கிழமைகளில் நாலு பேர் வரிசையில் நின்று அதையே பாடினார்கள். காரணம் தெரியாமல் இல்லை. முந்நூறு வருடமாக எல்லா வீட்டுத் தலையிலும் தொங்கிய கத்தி ஒரே வீட்டின் மேல் விழுந்துவிட்டது. மற்ற எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஒரு மூத்த விவசாயி கண் கலங்கிப் பாடியதைப் பார்த்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள் பார்த்தவர்கள். எனக்கு அது விடுதலையாகத்தான் தெரிந்தது.

பிறகு கிண்டல் தொடங்கியது. யூர்கி கடைக்குப் போனால், ஏப்பா, சதுப்புக்கு எப்படிப் போகணும், உன்னைக் கேட்டால் தெரியுமாமே என்பார்கள். தொலைவிலிருந்து வரும் ரசிகர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மகள் ஹில்லா பள்ளிக்கூடத்தில் வரிசையில் முன்னால் நின்றால், அவளை முன்னால் விடாதீங்க, எங்கேயோ கூட்டிட்டுப் போயிடுவா என்று பின்னாலிருந்து சத்தம் வரும். ஆசிரியையும் சிரித்தாளாம். பாட்டுதானே என்பார்கள் எல்லோரும், கடைசியில். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம் போலிருக்கிறது.

தௌனோ அந்தப் பாட்டை முதலில் கேட்டது கூட்டுறவுக் கடையில், வானொலியில். பால் வாங்கப் போனவர் பாலில்லாமல் திரும்பினார். மகனிடம் அன்று அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான், அந்தப் பெயரை எடுக்கச் சொல் என்று. சரி என்றான் யூர்கி. ஒரு வருடம் போனது. இன்னொரு வருடமும் போனது. அப்பா மறுபடி கேட்கவில்லை. இங்கே ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்பது பிச்சை எடுப்பதற்குச் சமம். அவர் மகனோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பட்டாணிக் கஞ்சியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று குடிப்பார்.

யூர்கி தனக்குத் தெரிந்த மொழியில் முயன்று பார்த்தான். ஒரு திடலில் அந்த இடம் வந்தபோது நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனான். இடைவெளி இல்லாவிட்டால் பெயருக்கு எங்கே இடம் என்று கணக்கு. ஹெம்மோவின் விரல் தடுமாறியது, சாம்ப்பா திரும்பி முறைத்தான், கூட்டமோ டிரம்ஸை மீறி இரண்டு மடங்கு சத்தமாக ருவோனலா என்றது. மேடைக்குப் பின்னால் ஹெம்மோ, தாளம் தெரியாதவன் நரிக்குக் கூழ் ஊத்தப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் யூர்கி வாயைத் திறந்தான். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த சாம்ப்பாவிடம் போய் நின்றான்.

"அந்தப் பேர எடுத்துடுடா."

சாம்ப்பா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"எடுத்துடலாம். அந்த எடத்துல ஓட்டை விட முடியாது, தெரியும்ல. வேற எந்த வீட்டப் போடட்டும்? நீயே சொல்லு. நீ சொல்ற பேர நாளையிலேருந்து பாடுறேன்."

கல்லியோ என்ற சொல் யூர்கியின் நாக்கு நுனிவரை வந்தது. சாம்ப்பாவுக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் கேட்டான். சொல்லுடா பார்க்கலாம், என் அம்மாவை, என் தம்பி குழந்தைகளை இதே சேற்றில் தள்ளுடா பார்க்கலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. யூர்கி ஊரின் எல்லா வீடுகளையும் மனதில் ஒரு சுற்று சுற்றி வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவர் இருந்தார், பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை இருந்தது. அவன் டிரம்ஸ் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தௌனோ ஜன்னலோரத்தில் நின்றபடியே பேசினார்.

"அந்தக் குடில்ல எங்க வீட்டுப் பொம்பளையும் ரெண்டு பிள்ளைங்களும் செத்தாங்க. என் தாத்தா சொன்னாரு, அவரோட தாத்தா அவருக்குச் சொன்னாரு. எழுதி வெச்ச சாட்சி எதுவும் எங்கிட்ட இல்ல. சொந்தப் பிள்ளைய கொல்லுறதுக்கா ஒருத்தன் வழி காட்டுவான்?"

 யூர்கி அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தக் கதையை அப்பா இதுவரை அவனிடம் சொன்னதே இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்வதும் அந்த வீட்டில் பரம்பரையாக வந்ததுதான்.

மறுநாளே அவன் சாம்ப்பாவிடமும் ஹெம்மோவிடமும் அந்தப் பெயரை எடுக்காவிட்டால் குழுவை விட்டுப் போகிறேன் என்றான். இருபது வருடத்தில் அவன் போட்ட முதல் நிபந்தனை அது. கோடையில் லாப்பனேவா நடன மண்டபத்தில் பெரிய நிகழ்ச்சி, ஒப்பந்தம் ஆகியிருந்தது. புது டிரம்ஸ்காரனை அதற்குள் தேடிப் பிடிக்க முடியாது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். சொந்த ஊரில், அந்த ஒரு நிகழ்ச்சியில், அந்தப் பெயர் வராது. சாம்ப்பா கூட்டத்தைக் கையமர்த்தி அடக்குவான். மைக்கை யூர்கியிடம் நீட்டுவான். யூர்கி அந்த இடைவெளியில், பெயர் தெரியாதவன் என்று சொல்வான். ஊர் முழுக்கக் கேட்க, ருவோனலா வீட்டுக்காரன் வாயாலேயே. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் அப்படியே பாடலாம் என்று ஹெம்மோகூடச் சொன்னான். அந்தச் சொல் ராகத்தில் உட்கார்கிறதா என்று மூன்று பேரும் பாடிப் பார்த்தார்கள். உட்கார்ந்தது.

யூர்கி அப்பாவிடம் போய், நீங்கள் வரவேண்டும் என்றான். மகன் வாசிப்பதைத் தௌனோ அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வருகிறேன் என்றார்.

கோடைச் சாயங்காலம். சூரியன் ஏரிக்கு மேலே இறங்க மனமில்லாமல் நின்றது. மண்டபத்துக்கு வெளியே கடுகுச் சாந்து தடவிய சாசேஜும் பியரும் விற்றார்கள், கொசுக்கள் இலவசம். ஊரில் ஒரு வீடு பாக்கி இல்லை. முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். சாம்ப்பாவின் அம்மா பின்னல் வேலையோடு வந்திருந்தாள். தௌனோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் டிராக்டர் ஓட்டும்போது மாட்டும் பெரிய மூடிகளோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துச் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மற்றவர்கள் பொத்தாமலே சிரித்தார்கள்.

கப்பல் பாட்டு போனது, கடல் பாட்டு போனது. சதுப்பு வழிப் பாட்டு தொடங்கியதும் மண்டபத்துப் பலகைத் தரை அதிர்ந்தது. வழி காட்டியவன் யார், வழி காட்டியவன் யார். தௌனோ இரண்டு கையாலும் காது மூடிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகன் சொல்லப்போவதைக் கேட்க வேண்டுமே.

யூர்கி நிறுத்தினான். சாம்ப்பா கையை உயர்த்தினான். கத்துவதற்குத் திறந்த வாய்கள் எல்லாம் திறந்தபடியே நின்றன. மண்டபத்தில் கொசுவின் ரீங்காரம் கேட்டது. மைக் அவன் வாய்க்கு முன்னால் வந்தது.

அப்போதுதான் யூர்கி அவர்களுடைய முகங்களைப் பார்த்தான். அதுவரை மேடை விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னால் முகங்கள் தெரிந்ததில்லை. இந்தக் கோடை வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தன. பண்ணை முதலாளி, கடைக்காரி, தபால்காரன், ஹில்லாவின் ஆசிரியை. ஒருவர் முகத்திலும் கிண்டல் இல்லை. பயம் இருந்தது. அவன் பெயர் தெரியாதவன் என்று சொன்னால் அந்தக் கத்தி மறுபடி எல்லோர் தலைக்கு மேலும் போய்த் தொங்கும். அதை அவர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். சாம்ப்பாவின் அம்மா பின்னல் ஊசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சொல்லாதே என்று ஊரே அவனைக் கெஞ்சியது. யாரும் அவனை அதற்கு முன் எதையும் கெஞ்சியதில்லை.

ஒரு கூட்டத்தின் மனதைக் கெடுக்கிற வார்த்தையை வாழ்நாளில் அவன் சொன்னதே கிடையாது. குளிர்கால ஒத்திகையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கூட்டம் எதைக் கேட்டதோ அதை அவன் கொடுத்தான்.

"ருவோனலா," என்றான்.

மண்டபம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாம்ப்பா ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து, அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். யூர்கியின் கை தானாக அடுத்த அடிக்குப் போய்விட்டது. பாட்டு முடியும்வரை அவன் ஒரு இடத்தில்கூடத் தாளம் தவறவில்லை. தௌனோ எழுந்து போகவில்லை. எழுந்தால் பின்வரிசைக்கு மறைக்கும் என்று நினைத்திருப்பார். காது மூடிகளை மறுபடி மாட்டிக்கொண்டு கடைசிவரை நேராக உட்கார்ந்திருந்தார்.

அதுவரை அது பாட்டாக இருந்தது. அன்றைக்குப் பிறகு சாட்சியம் ஆகிவிட்டது. மகனே மைக்கில் ஒத்துக்கொண்டானே, இனி என்ன என்றார்கள். அடுத்த கோடையில் ஊர் வரலாற்றுக் கழகம் சதுப்பு வழியின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டது. குடிலின் கதை, செத்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதி, வழிகாட்டி ருவோனலா வீட்டைச் சேர்ந்தவர் என்பதை அந்தக் குடும்பத்தாரே ஏற்றுக்கொண்டுள்ளனர் என்று மரியாதையாகப் பன்மையில் எழுதியிருந்தார்கள். கழகத்தில் தௌனோவும் நாற்பது வருட உறுப்பினர். கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோது யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்களாம். ஏற்கெனவே மகன் பேசி முடித்துவிட்ட விஷயத்தில் அவர் என்ன பேசுவார்.

ஹில்லா அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயருக்கு மாறிக்கொண்டாள். வீர்ப்பி அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பட்டணத்துக்குப் போய் அங்கேயே பள்ளியில் சேர்த்தாள். வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னாள். முதலில் வந்தார்கள். யூர்கி பண்ணைக்குப் போனான், டிரம்ஸும் வாசித்தான். குழு முன்னைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. அந்த இடைவெளியில் இப்போது எல்லா ஊரிலும் மைக்கை அவனிடம்தான் நீட்டுகிறார்கள். கூட்டம் அதைத்தான் கேட்கிறது.

தௌனோ வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் பெட்ரோல் நிலையத்துக் காப்பி மேசைக்குக் காலையில் போவதை நிறுத்தினால் ஆள் செத்துவிட்டான் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் போனார். ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தினமும் உட்கார்ந்து வானிலையைப் பற்றி மௌனமாக இருப்பார்கள். பனி விலகத் தொடங்கிய ஒரு காலையில் யூர்கி பண்ணை வண்டிக்கு டீசல் போட வந்து கல்லா அருகே நின்றான். அப்பா மேசையில் இருந்தார். பக்கத்தில் சாம்ப்பாவின் பெரியப்பா ஆர்மாஸ் கல்லியோ. ஆர்மாஸ் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஏலக்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைத் தௌனோவின் தட்டில் வைத்தார். தோளில் கை போட்டார்.

"மனசுல வெச்சுக்காத தௌனோ. முந்நூறு வருஷம் ஆச்சு. நாங்கல்லாம் பேசிக்கிட்டோம். உங்க வீட்ட மன்னிச்சாச்சு."

மேசை முழுக்கத் தலையாட்டியது. உண்மையான அன்போடுதான் ஆட்டினார்கள். தௌனோ பன்னைத் தொடவில்லை. மெதுவாகத் திரும்பிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். அவசரப்படாமல், நீண்ட நேரம் பார்த்தார். எழுபத்தைந்து தாண்டிய மனிதர் இரண்டாவது தடவையாக அவனிடம் ஒன்றைக் கேட்கிறார் என்பது யூர்கிக்குப் புரிந்தது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் ரசீதை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்தான்.

தௌனோ மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நன்றி," என்றார்.